விதைக்கு மேலே ஒரு நீர்க்கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பயந்துகொண்டிருக்கும் தம்பிக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே பிரச்சினையோடு படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 29 வயது. மூன்று மாதத்துக்கு முன் குளிக்கும்போது வலது விதைக்கு மேலே பட்டாணி அளவில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. வலி இல்லை. யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டுப் போன வாரம் ஸ்கேன் எடுத்ததில், வலது எபிடிடிமிஸின் (விதையை ஒட்டியிருக்கும் விந்துக் குழாய்ச் சுருள்) தலைப்பகுதியில் 8 x 6 மில்லிமீட்டர் நீர்க்கட்டி, விதைகள் இரண்டும் இயல்பாக உள்ளன என்று வந்திருக்கிறது. பார்த்த டாக்டர் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்கிறார். தை மாதம் கல்யாணம். இது புற்றுநோயாக மாறுமா, குழந்தை பிறக்குமா, பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புற்றுநோயாக மாறாது. இந்தக் கட்டியால் குழந்தைப் பேறு தடைபடாது. வலியே இல்லாத 8 மில்லிமீட்டர் கட்டிக்கு, அதுவும் இன்னும் குழந்தை பெறாத ஒருவருக்கு, ஆபரேஷன் செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து. நான் யூராலஜி மருத்துவன், அதாவது சிறுநீர்ப் பாதையையும் ஆண் உறுப்புகளையும் பார்க்கிறவன். இருபது வருஷமாக இந்தக் கட்டியை வாராவாரம் பார்க்கிறேன். அதனால் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும், எந்த இடத்தில் இந்த உறுதி செல்லாது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

விதையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு ஒரு மெத்தென்ற வரம்பு இருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியும். அதுதான் எபிடிடிமிஸ். உண்மையில் அது ஒரே ஒரு மெல்லிய குழாய். பிரித்து நீட்டினால் 6 மீட்டர் வரை வரும், அதைச் சுருட்டிச் சுருட்டி ஒரு விரல் நீளத்துக்குள் இயற்கை மடித்து வைத்திருக்கிறது. விதையில் உருவாகிற விந்தணுவுக்கு அந்தக் கட்டத்தில் நீந்தக்கூடத் தெரியாது. இந்த 6 மீட்டரையும் ஏறக்குறைய இரண்டு வாரம் கடந்து வரும்போதுதான் அது முதிர்கிறது. விதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நுண்குழாய்கள் மேலே கிளம்பி இந்த எபிடிடிமிஸின் தலைப்பகுதியில் சேர்கின்றன. அந்தச் சேரும் இடத்தில் ஏதாவது ஒரு நுண்குழாய் அடைத்தோ புடைத்தோ போனால் அதற்குள் திரவம் தேங்கி ஒரு சின்னப் பலூன் மாதிரி ஆகிறது. உங்கள் கட்டி இருக்கிற இடம் சரியாக அதுதான். மற்ற குழாய்கள் தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கின்றன. இந்த உடற்கூறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

உள்ளே இருப்பது தெளிந்த நீர் என்றால் எபிடிடிமல் சிஸ்ட் என்போம், விந்தணு கலந்து அரிசி கழுவிய நீர் மாதிரி கலங்கலாக இருந்தால் ஸ்பெர்மட்டோசீல். ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு ரிப்போர்ட்டில் சிஸ்ட் என்றும் இன்னொன்றில் ஸ்பெர்மட்டோசீல் என்றும் வந்ததைப் பார்த்து நோய் மாறிவிட்டது என்று பதறி வருகிறவர்கள் உண்டு, அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இது எவ்வளவு சாதாரணம் தெரியுமா? வேறு ஏதோ காரணத்துக்காக விதைப்பை ஸ்கேன் எடுக்கிற ஆண்களில் நான்கைந்து பேருக்கு ஒருவருக்காவது இப்படி ஒரு கட்டி அகப்படும். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, தனக்குப் பிறவியிலேயே மூன்று விதை என்று நம்பிக்கொண்டு, அதைப் பெருமையாகவும் இல்லாமல் வெட்கமாகவும் இல்லாமல் ஒரு தகவலாக என்னிடம் சொன்னார். அந்த மூன்றாவது விதை ஒரு பெரிய ஸ்பெர்மட்டோசீல். அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர் வந்தது மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று, ப்ராஸ்டேட்டுக்காக.

ஏன் வருகிறது என்றால், பெரும்பாலும் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியாது. நாற்பது வயதுக்கு மேல் அதிகம் பார்க்கிறோம், இருபதுகளிலும் பார்க்கிறோம். சிலருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு வரும். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி உங்கள் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் எதிரே உட்காருகிற இளைஞர்களில் பாதிப் பேர் கடைசியில் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் அதைக் கேட்பார்கள். சுயஇன்பத்தால் இது வருவதில்லை. பைக் ஓட்டுவதாலோ, இறுக்கமான ஜட்டியாலோ, லேப்டாப்பை மடியில் வைத்ததாலோ, சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டதாலோ வந்தது என்றும் சொல்ல ஆதாரம் இல்லை. நீங்கள் செய்த எதற்கும் தண்டனையாக இது வரவில்லை.

இனி முக்கியமான இடம். கட்டி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வெந்நீரில் குளித்தபின் விதைப்பை தளர்ந்திருக்கும்போது இரண்டு கையாலும் விதையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் உருட்டிப் பாருங்கள். விதை வழவழப்பாக, தோலுரித்த அவித்த முட்டை மாதிரி இருக்க வேண்டும். உங்கள் கட்டி விதைக்கு மேலேயோ பின்னாலேயோ தனியாக, விரல் நுழைகிற இடைவெளியோடு உருள்கிறது என்றால் அது எபிடிடிமிஸைச் சேர்ந்தது. அங்கே வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. விதையோடு விதையாக, அதன் சதையிலேயே கல் மாதிரி ஒரு முண்டு, அல்லது ஒரு விதை முழுவதுமே கனத்துக் கெட்டியாகிவிட்டது என்றால் அது வேறு கதை. நல்ல நாள் பார்க்காமல் அந்த வாரமே காட்ட வேண்டும். வலி இல்லை என்பது அங்கே ஆறுதல் கிடையாது, விதைப் புற்று பெரும்பாலும் வலிக்காமல்தான் வரும். நம் நாட்டில் அது அபூர்வம்தான், ஆனால் வருவது 15 முதல் 40 வரையான வயதில். சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்தவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. டாக்டர்கள் டார்ச் வெளிச்சம் வைத்துப் பார்ப்பதும் இதற்குத்தான், நீர் நிறைந்தது சிவந்து ஒளிரும், கெட்டியானது ஒளியை மறைக்கும். ஆனால் டார்ச்சும் விரலும் முதல் படி மட்டுமே, முடிவு சொல்வது ஸ்கேன்.

விதைப் புற்று பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் பயம் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது. அது உறுப்புப் புற்றுகளிலேயே மிக நன்றாகக் குணமாகிறவற்றில் ஒன்று. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல், 25 வயதில், அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில் கண்டுபிடித்தார்கள், அப்படியும் பிழைத்தார். சீக்கிரம் வந்தால் சிகிச்சை இன்னும் எளிது. சந்தேகம் இருந்தால் ஏ.எஃப்.பி, பீட்டா எச்.சி.ஜி, எல்.டி.எச் என்று மூன்று ரத்தப் பரிசோதனை எடுப்போம். விதையில் கெட்டியான கட்டி இருக்கும்போது விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க யாராவது கிளம்பினால் சம்மதிக்காதீர்கள், அது பரவும் பாதையையே மாற்றிவிடக்கூடும். அதற்கு ஆபரேஷனையே இடுப்பு மடிப்பு வழியாகத்தான் செய்வோம். உங்கள் ரிப்போர்ட்டில் விதைகள் இரண்டும் இயல்பு என்று இருக்கிறது, எனவே இந்தப் பத்தி உங்களுக்கானது இல்லை, உங்களை மாதிரியே மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல், ஸ்கேனும் எடுக்காமல் இதைப் படித்துக்கொண்டிருக்கிறவருக்கு.

விதைப்பையில் வீக்கம் என்றாலே ஓதம் என்று ஒரே பெயர் வைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். ஓதம், அதாவது ஹைட்ரோசீல், விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்வது. விதையைத் தனியாகத் தொட முடியாதபடி அது நீருக்குள் மூழ்கியிருக்கும். தஞ்சை, கும்பகோணம் மாதிரி யானைக்கால் நோய் அதிகம் இருந்த பகுதிகளில் கொசுவால் வருகிற அந்தப் புழுவே இதற்குக் காரணமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறோம். இடது பக்கம் புழுக்கூட்டம் மாதிரி நெளிநெளியாக, நிற்கும்போது புடைத்துப் படுத்தால் அடங்குவது வெரிகோசீல், அது ரத்தநாளப் புடைப்பு. இருமினால் இறங்கி, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். தோலிலேயே அரிசிமணி போல வெள்ளையாக இருப்பவை எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகள். இவற்றில் நம் நாட்டுக்கென்றே நான் அழுத்திச் சொல்வது காசநோய். எபிடிடிமிஸ் கெட்டியாகி, விந்துக் குழாய் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டு, பல வாரமாகியும் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் இருந்தால் டிபியை நினைக்க வேண்டும். அங்கே மாத்திரை ஆறு மாதம், கத்தி அல்ல. ஸ்கேனில் அது நீர்க்கட்டி மாதிரி சுத்தமாகத் தெரியாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரென்று, பெரும்பாலும் நடுராத்திரியிலோ விடிகாலையிலோ, ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்து வாந்தியும் வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் திருப்பிவிட்டால் விதை பெரும்பாலும் பிழைக்கும். பள்ளிப் பையன்களிடம் இது அதிகம், அவர்கள் வயிற்றுவலி என்றுதான் சொல்வார்கள், வெட்கம். காலையில் பார்க்கலாம் என்று தைலம் தடவிக் காத்திருந்து விதையை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் ‘அனெக்கோயிக்’ (ஸ்கேனில் முழுக்கக் கறுப்பாக, வெறும் நீராகத் தெரிவது), ‘மெல்லிய சுவர்’, ‘டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேனில்) உள்ளே ரத்த ஓட்டம் இல்லை’ என்ற மாதிரி வார்த்தைகள் இருக்கும். இவை எல்லாமே சுத்தமான நீர்க்கட்டிக்கான வார்த்தைகள். ‘சாலிட்’ (கெட்டியானது) என்றோ, விதைக்குள் ‘ஹைப்போஎக்கோயிக்’ (சுற்றியுள்ள சதையைவிடக் கறுத்துத் தெரிவது) என்றோ, உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறது என்றோ இருந்தால்தான் அடுத்த கேள்வி கேட்க வேண்டும். ‘இம்ப்ரெஷன்’ என்ற கடைசி வரியை மட்டும் படிக்காமல், இரண்டு விதையின் அளவும் அமைப்பும் பற்றிய வரியையும் படியுங்கள். அது இயல்பு என்று இருப்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டிலேயே மதிப்பு மிக்க வரி.

சிகிச்சை என்ன? ஒன்றும் செய்யாமல் விடுவது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்து காசு கொடுத்து ஒரு மாத்திரைகூடவா இல்லை என்று முகம் வாடும். ஆனால் இந்தக் கட்டியைக் கரைக்கிற மாத்திரை கிடையாது, கிருமித் தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. இதே அளவில் பல வருஷம் இருக்கலாம், மெதுவாகக் கொஞ்சம் வளரலாம். மாதாமாதம் ஸ்கேன் எடுக்க வேண்டாம். திடீரென்று பெரிதானாலோ, கெட்டியானாலோ, வலித்தாலோ, விதையிலேயே ஏதாவது புதிதாகத் தட்டுப்பட்டாலோ திரும்பக் காட்டுங்கள். கனமாக இழுக்கிற உணர்வு இருந்தால் தாங்கிப் பிடிக்கிற மாதிரியான உள்ளாடை போடுங்கள், தேவைப்பட்டால் சாதாரண வலி மாத்திரை. அப்புறம் ஒன்று, தினமும் பத்துத் தடவை நசுக்கிப் பார்க்காதீர்கள். “கட்டி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்துதான் வலிக்கிறது, டாக்டர்” என்று வருகிறவர்களிடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். பதில் சொல்லாமல் சிரிப்பார்கள். இரண்டு வாரம் கை வைக்காமல் இருங்கள் என்று அனுப்பினால் பாதிப் பேருக்கு வலி போய்விடும்.

ஆபரேஷன் எப்போது? கட்டி பெரிதாகி நடக்க, உட்கார, வண்டி ஓட்டத் தொந்தரவாக இருக்கும்போது. அல்லது வலி அதிலிருந்துதான் வருகிறது என்று தெளிவாகி, மற்ற வழிகளில் அடங்காதபோது. முதுகில் ஊசி போட்டு, விதைப்பையில் சின்னக் கீறல், கட்டியை மட்டும் பிரித்தெடுத்து, தானே கரைகிற தையல் போடுவோம். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். சில நாள் ஐஸ் ஒத்தடம், இரண்டு மூன்று வாரம் கனம் தூக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்யவும் பெரிய கஷ்டம் இல்லை. சிக்கல் பிறகு வரலாம்: ரத்தம் கட்டி வீங்குவது, சீழ் பிடிப்பது, கட்டி திரும்ப வருவது, வலிக்காக ஆபரேஷன் செய்தபிறகும் வலி அப்படியே தொடர்வது. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, முன்னால் சொன்ன அந்த 6 மீட்டர் குழாய். கட்டியைப் பிரிக்கும்போது அந்த மயிரிழை போன்ற குழாய் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டாலோ தழும்பில் மூடிக்கொண்டாலோ, அந்தப் பக்க விதை விந்தணு உண்டாக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் வெளியே வர வழி இருக்காது.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற அபாயம் இல்லை. சில வருஷம் முன்பு ஒருவர் வந்தார், 31 வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. விதைகள் நல்ல அளவில் இருந்தன, ஹார்மோன் எல்லாம் சரி. விதைப்பையின் இரண்டு பக்கமும் பழைய தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் வேறு ஓர் ஊரில், இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டிகளைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று எடுத்திருக்கிறார்கள். வலி இருந்ததா என்று கேட்டேன், இல்லை சார், கல்யாணம்னு பயமா இருந்துச்சு என்றார். கடைசியில் விதையிலிருந்து ஊசி மூலம் விந்தணு எடுத்து, அதை லேபில் நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி முறையில் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது, அது வரைக்கும் அந்தப் பெண்ணும் அவரும் பட்ட பாடும் விற்ற நகையும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கேள்வியில் ‘கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம்’ என்ற வரியைப் படித்தவுடன் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர்தான். கல்யாணம் என்பது இந்தக் கட்டியை எடுக்காமல் இருப்பதற்கான காரணம்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பலூனின் சுவர் உள்ளேயே இருப்பதால் சில மாதத்தில் திரும்ப நிறையும். உறிஞ்சிய பிறகு பாலிடோகனால், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உள்ளே செலுத்திச் சுவரை ஒட்டவைக்கிற முறை உண்டு. மயக்க மருந்து தாங்காத வயதானவர்களுக்கு அதை யோசிக்கலாம். மருந்து எபிடிடிமிஸில் அழற்சியை உண்டாக்கி அடைப்பு ஏற்படுத்தலாம் என்பதால் குழந்தை வேண்டுகிற வயதில் அது சரியான வழி இல்லை. ஊசி குத்தினதால் தொற்று ஏற்பட்டுச் சும்மா இருந்த கட்டி சீழ்க்கட்டியாகி வந்தவர்களும் உண்டு.

இந்த வயதில், இந்தப் பயத்தோடு, டிவியில் பேசிவிட்டு ஊர் ஊராக லாட்ஜில் ரூம் எடுத்துப் பார்க்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்று வேறு இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியம் கட்டிக்கொடுப்பார்கள். கட்டி அப்படியே இருக்கும், கூடவே இல்லாத ஒரு நோயும் மனதில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி புறநோயாளிப் பிரிவுக்கு ரிப்போர்ட்டோடு போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் தேவையில்லாத ஆபரேஷனுக்கு யாரும் தேதி கொடுக்க மாட்டார்கள்.

குழந்தை விஷயத்தில் சந்தேகம் தீரவேயில்லை என்றால் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம், இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருந்து கொடுக்க வேண்டும். உண்மையில் இந்தக் கட்டிக்காக அது தேவையில்லை. ஒரு முறை எண்ணிக்கை குறைந்து வந்தால் பதற வேண்டாம், காய்ச்சல் வந்து போயிருந்தாலே இரண்டு மூன்று மாதத்துக்கு அது குறையும். கட்டியால் உடலுறவில் எந்தச் சிக்கலும் வராது, மனைவிக்கு எதுவும் தொற்றாது, பிறக்கிற குழந்தைக்கும் ஒன்றும் இல்லை.

பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்றால், முதுகில் ஒரு மரு இருந்தால் சபையில் வைத்துச் சொல்வீர்களா? அந்த அளவுதான் இது. மறைக்கிற குற்றமாக நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நீங்கள் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் மட்டும், பேச்சு இயல்பாக வருகிற ஒரு நேரத்தில் சொல்லிவிடுங்கள் என்பேன். அவரே ஒருநாள் தொட்டுணர்ந்து பயந்து கேட்பதைவிட அது நல்லது. பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி என்பது இன்று எல்லா வீட்டிலும் பேசுகிற விஷயம், அதனால் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் அவருக்குப் புரியும்.

ஆபரேஷன் சொன்ன டாக்டரிடம் திரும்பப் போவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், வலி இல்லை, நான் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?” அதற்கு உங்கள் உடலில் நடக்கக்கூடிய ஏதாவது ஒன்றைப் பதிலாகச் சொன்னால், அந்தப் பதிலை அப்படியே இங்கே எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தேதி வாங்காதீர்கள்.